பிழைத்த நீதிக்குப் பொறுப்பாளி யார்?

கோவலன் கொலையுண்டமைக்குப் பொய்யுரைத்த பொற்கொல்லனும் காரணன். வாள் வீசிய காவலனும் காரணன். ஆயினும் சிலப்பதிகாரப் பாண்டியன் பழியைப் பிறர்மேற் சுமத்தவில்லை. தனதெனக் கொண்டு அரியணையிலேயே உயிர் நீத்தான். செய்யாத குற்றத்திற்குச் சிறையிருந்தோர்க்கு நட்டஈடு வழங்கவேண்டியவர் யார் என்ற வினா எழுந்தால், அம்மன்னனே எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றான்.

யப்பானில் நால்வரைக் கொன்றதாக 1966இல் கைதான இவாவோ ஹகமடாவுக்கு, 1968இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் வெளிவந்த அவரை, நீதிமன்றம் 2024இலேதான் குற்றமற்றவரெனத் தீர்த்தது; புலனாய்வாளரே சான்றுகளைப் புனைந்தனர் என்றும் கூறியது. அடுத்த ஆண்டில், நாளொன்றுக்கு 12,500 யென் வீதம் 21 கோடி யென்னுக்கு மேல் வழங்கத் தீர்ப்பாயிற்று. கொடுத்தது அரசு, அதாவது, வரி செலுத்தும் மக்கள்.

அமெரிக்காவிலோ அதுவும் எளிதன்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜோன் தொம்சன் 18 ஆண்டுகள் சிறையிருந்தார். அவற்றுள் 14 ஆண்டுகள் தூக்குக்குக் காத்திருப்போர் போல, மரண தண்டனைக் கைதியாகவே கழிந்தன. அவருக்குச் சாதகமான இரத்தப் பரிசோதனை அறிக்கையை வழக்குத்தொடுநர் மறைத்திருந்தனர். யூரிமார் அளித்த 140 இலட்சம் டொலர் நட்டஈட்டை, 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வராகப் பிரிந்து தள்ளிவிட்டது. அலுவலர்க்குப் பயிற்சியளிக்கத் தவறியமையை நிறுவ அவ்வொரு வழக்குப் போதாது என்பது அதன் முடிபு. வழக்கு நடத்தியமைக்காக வழக்குத்தொடுநரிடம் தனிப்பட நட்டஈடு கோரவும் அங்கே இடமில்லை.

அரசே முதற் பொறுப்பாளி என்பது என் கருத்து. தண்டனை அதன் பெயராலேயே விதிக்கப்படுகின்றது. விடுதலையானவன் தனக்குத் தீங்கிழைத்தவரைத் தேடி அலைதல் முறையன்று. 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயமும் இத்தகையோர்க்குச் சட்டப்படி நட்டஈடு வேண்டும் என்கிறது. இலங்கை அதில் 1980இல் இணைந்தது.

ஆனால் அத்துடன் அமைதல் ஆகாது. சாட்சியின் கண் பிழைக்கலாம். நீதிபதியின் மதியும் பிழைக்கலாம். நேர்மையான பிழைக்குப் பணம் பறித்தால் தீர்ப்பளிக்க எவரும் முன்வாரார். சான்றை அறிந்தே மறைப்பதும் புனைவதுமோ பிழையல்ல, குற்றம். ஆகவே அரசு முதலில் முழுவதையும் கொடுக்கட்டும். பின்னர், மறைத்தவனிடமிருந்து இயன்றதை அறவிடட்டும்.

ஹகமடா இழந்த ஏறக்குறைய 48 ஆண்டுகளை எந்தத் திறைசேரியாலும் மீட்டுத்தர இயலாது. இன்னொருவனுடைய ஆண்டுகளையேனும் காக்க, மறைப்பவன் கையும் சுடவேண்டும்.