பழைய வண்டியும் பெரிய எஞ்சினும்

தொம்மலூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தாரிடம் 1960களில் வெளிவந்த மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்த அக்குடும்பத்துப் பெரியவர், கட்டட ஒப்பந்தம் எடுத்து நாலு காசு சேர்த்த காலத்தில் ஏலத்தில் எடுத்த வண்டி அது. அவர் காலமான பின்னர் பல்லாண்டுகள் தகரக் கொட்டகையில் தூங்கிக் கிடந்தது. அண்மையில் அவருடைய இளைய குமாரருக்கு அதை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் ஆசை பிறந்தது. பழைய பெட்ரோல் எஞ்சின் புகை கக்குகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று கூறி, அதனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, எங்கோ உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து பெரிய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டினார்.

பூட்டியதில் தவறில்லை, பானெட் கூட ஒருவாறு மூடிக்கொண்டது. தெருப் பிள்ளைகள் கைதட்ட, வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டது. மாரத்தஹள்ளியை எட்டுமுன் ரேடியேட்டர் கொதித்து, ஆவி பானெட்டின் இடுக்குகளில் பீறிட்டது. திரும்பும் வழியில் ஓர் இறக்கத்தில், முன்னே சென்ற ஆட்டோவை இடிக்காமல் நிறுத்துவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டதாம். பிரேக் மிதியை அடிவரை மிதித்தும், பெருமாள் புண்ணியத்தால்தான் வண்டி நின்றது என்று அவரே சொன்னார். பின் இருக்கையில் அவருடைய அன்னையாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர்.

நம் சங்கத்து இல்லங்களில் தந்தையோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பழைய வண்டியைப் பேணி வைத்திருப்போர் பலர் உண்டு. இவ்வாசை அவர்களுக்கும் எழலாம். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஜீப்பில் முதலில் இருந்தது நான்கு சிலிண்டர் கொண்ட, ஏறக்குறைய 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். அதில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. டீசல் எஞ்சினிலோ மின்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்துவதால் எழும் சூடே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பழைய ஜீப்பில் அழுத்தம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், டீசலில் இருபதுக்கு ஒன்றை ஒட்டியிருக்கும். அவ்வழுத்தத்தைத் தாங்கும் பொருட்டு அதன் இரும்பு தடிப்பாக வார்க்கப்படுகிறது. எனவே கனம் கூடுகிறது, அதிர்வும் கூடுகிறது. முன் ஸ்பிரிங்குகள் தாழ்கின்றன. எஞ்சினைத் தாங்கும் பிடிகள் புதிதாகச் செய்யப்பட வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே துளைகள் பொருந்தா; நடுவே ஓர் இரும்புத் தகடு கடைந்து பொருத்த வேண்டும். அத்தகடு மயிரிழை கோணினாலும் கியர்பெட்டியின் பேரிங் தேய்ந்து கதறத் தொடங்கும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழன்று பலமாக இழுப்பது. ஆகையால் பின் அச்சிலுள்ள பற்சக்கர விகிதமும் அதற்கேற்ப மாறாவிட்டால், எஞ்சின் அலறுமே தவிர வண்டி ஓடாது.

ரேடியேட்டர் கொதித்ததற்குக் காரணம் எளிது. எரிபொருளிலுள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சூடாகத் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. சக்தி மிகுந்தால் அந்தச் சூடும் மிகும். சிறிய எஞ்சினுக்கென்று அமைந்த ரேடியேட்டர் அதனை எப்படித் தாங்கும்? குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான்.

பிரேக்கின் கணக்கு இதனினும் கொடியது. வேகம் கூடும்போது ஓட்டத்தின் சக்தி அதன் வர்க்கத்தின்படி கூடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 80-இல் ஓடினால், வேகம் மூன்றிலொரு பங்குதான் கூடியது; ஆனால் அதை நிறுத்தும்போது பிரேக் டிரம்கள் விழுங்க வேண்டிய சூடு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. வண்டியின் கனமும் கூடிவிட்டால் கேட்க வேண்டுவதில்லை. எஞ்சினுக்குப் பணத்தை வாரி இறைத்த அவ்விளைஞர், பிரேக்கிற்கு லைனிங் மட்டும் மாற்றினார். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் போன்றோருக்கு இது வியப்பாக இருக்கிறது. கனமான புதிய எஞ்சின் ஒன்றை ஒரு தடத்தில் ஓட்டுவதற்கு முன், அதன் அச்சுச் சுமையைப் பாலமும் தண்டவாளமும் தாங்குமா என்று பார்த்து, அனுமதித் தாள் கைக்கு வந்த பின்னரே ஓட்டுவது எங்கள் வழக்கம்.

பழைய உடலில் பெரிய எஞ்சினைப் பூட்டும் மோகத்திற்கு அமெரிக்காவே தாயகம். ‘ஹாட் ராட்’ என்று அவ்வண்டிகளை அழைப்பார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட 65 குதிரைச் சக்தி எஞ்சினை மலிவு வண்டியில் வைத்து விற்றது. அதற்கு முந்திய அவர்களது ‘மாடல் ஏ’ எஞ்சினின் பலம் 40 குதிரைச் சக்திதான். கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் பழைய வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, இந்தப் புதிய எஞ்சினைப் பூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டனர். அவர்களை வெறும் முரடர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபோர்டு வண்டிகளில் 1939 வரை எண்ணெய் அழுத்த பிரேக் கிடையாது. கம்பிகளால் இழுக்கும் பிரேக்குகளே இருந்தன. 1939-இல் புதிய பிரேக் வந்ததும், தங்கள் பழைய வண்டிகளுக்கு அதனையே தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்வது அவர்களிடையே வழக்கமாயிற்று. நம்மவர் அந்தப் பாதியைத்தான் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்!

நம் நாட்டிலும் இது முறையாக நடந்ததுண்டு. 1489 சி.சி. எஞ்சினுடன் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காருக்கு, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. தொழிற்சாலையார் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. ஸ்டியரிங்கின் அடியில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவந்து ஐந்து கியர் ஆக்கினார்கள்.

எஞ்சினும் உடலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற் போனால் நேர்வதற்குப் பெரியதோர் உதாரணம் நமக்கு அண்டையிலேயே உண்டு. தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே சென்றால் வரும் எச்.ஏ.எல். தொழிற்சாலையில்தான் ‘மாருத்’ என்னும் போர் விமானம் உருவாயிற்று. ஜெர்மனியின் புகழ்பெற்ற நிபுணர் குர்ட் டாங்க் 1956-இல் இங்கு வந்து அதனை வடித்தார். எஞ்சின் இல்லாத, முழு அளவு மரக் கிளைடர் ஒன்று 1959-இல் வானில் இழுத்துப் பறக்கவிடப்பட்டுச் சோதிக்கப்பட்டது. மெய்யான விமானம் 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானியின் கையில் எழும்பிற்று.

உடல் ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தை எண்ணி அமைக்கப்பட்டது. அதற்கென்று எண்ணியிருந்த பிரிட்டிஷ் ‘ஆர்ஃபியஸ் 12’ எஞ்சின், பின்னெரிப்புடன் 8,170 பவுண்டு உந்துவிசை தரக்கூடியதாகத் திட்டமிடப்பட்டது. அத்திட்டம் கைவிடப்பட்டது, அதனைத் தொடர வேண்டிய செலவை ஏற்க நம் சர்க்காரும் இசையவில்லை. முடிவில் 4,850 பவுண்டு உந்துவிசையுள்ள ‘ஆர்ஃபியஸ் 703’ இரண்டை வைத்துப் பறக்க வேண்டியதாயிற்று. விமானம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. எங்கள் தெரு ஜீப்பின் கதைக்கு நேர் எதிர்: இங்கே உடல் பெரிது, எஞ்சின் சிறிது.

பின்னர் பெரிய எஞ்சினைத் தேடி எத்தனையோ வாயில்கள் தட்டப்பட்டன. எகிப்து நாடு தன் விமானத்திற்கென்று செய்துவந்த ‘இ-300’ எஞ்சினை ஒரு மாருத்தில் பூட்டி 1967 மார்ச்சில் அந்நாட்டிலேயே பறக்கவிட்டுச் சோதித்தனர். 1969-இல் எகிப்து தன் விமானத் திட்டத்தையே நிறுத்த, அவ்வழியும் அடைபட்டது. இருக்கும் எஞ்சினுக்கே பின்னெரிப்பு சேர்த்துப் பலத்தைக் கூட்டும் முயற்சியும் இங்கு நடந்தது. அதற்கு விமானத்தின் வால்புறத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் காற்றின் தடை மிகுந்து, கிடைத்த பலனைத் தின்றது. அந்தப் பின்னெரிப்பு விமானத்தைச் சோதிக்கையில்தான், 1970 ஜனவரி 10 அன்று, சுரஞ்சன் தாஸ் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். பழைய மதராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலைக்கு அவர் பெயரையே இட்டிருக்கின்றனர். அவ்வழியே நாள்தோறும் பஸ்ஸில் செல்வோரில் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை அறிவார்களோ! சிறிய எஞ்சினுடனேயே மாருத் 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் முனையில் நன்கு பணியாற்றியது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. குழந்தைகளை எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றால் அதனைக் கண்ணாரக் காட்டலாம்.

இதே பெங்களூரில் பிறந்த தேஜஸ் விமானத்தின் இரண்டாம் வகைக்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்று தீர்மானித்தபோது, 13.2 மீட்டர் நீளமிருந்த உடலையே 14.6 மீட்டராக மாற்றி வரைந்தனர்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது போன்றவற்றிற்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு, ஆனால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெறாமல் எதுவும் செய்யலாகாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று.

இன்னொரு விதி, பழைய வண்டி வைத்திருப்போர் மனத்தில் பதிய வேண்டியது. 2021-இல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிந்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெறலாம். பதிவு பத்தாண்டு செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாட உபயோகம் கூடாது. ஆனால் வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி இல்லை.

இதை அவ்விளைஞரிடம் நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. பழைய எஞ்சினை எடைக்குப் போட அவர் முன்பே ஒரு வியாபாரியை அழைத்திருந்தாராம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் அந்த இரும்பில்தான் பொறித்திருக்கிறது. ‘‘போய்விட்டதா?’’ என்று கேட்டேன்.

‘‘அம்மா விடவில்லை அண்ணா. அப்பா கை பட்டது, வாசலைத் தாண்டக் கூடாது என்று மூன்று நாள் சண்டை போட்டார்கள்’’ என்றார்.

கொட்டகையின் மூலையில், தார்ப்பாய் போர்த்திய நிலையில், பழைய எஞ்சின் இருந்தது. சென்ற வாரம் அதன் சிலிண்டர்களைத் துளை திருத்த ஒரு பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டீசல் எஞ்சினுக்கு ஆள் தேடுகிறார்கள். இம்முறை பிரேக் டிரம் நான்கையும் முதலில் கழற்றிவிட்டார்கள்.