தலைவலிக்கு மாத்திரையா, மாத்திரையால் தலைவலியா?

"மச்சி, தல வலிக்குது. மாத்திரை ஏதாச்சும் இருக்கா?"

இந்தக் கேள்வி கேட்காத ஹாஸ்டல் ஃப்ளோர் எதுவும் இருக்காது. இன்டர்னல்ஸ் வாரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு ரூமில் பாராசிட்டமால், பக்கத்து ரூமில் சாரிடான், எதிர் ரூமில் ஐபுப்ரோஃபென் என்று ஒரு மினி மெடிக்கல் ஷாப்பே ஓடும். போட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி குறையும், ரெக்கார்டு எழுத உட்கார்ந்துவிடலாம். எப்போதோ ஒரு நாள் இப்படிச் செய்தால் பிரச்சினை எதுவும் இல்லை. அந்த 'எப்போதோ' மெல்ல மெல்ல 'அடிக்கடி' ஆகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வலியைக் குறைக்கப் போடுகிற அதே மாத்திரை, தலைவலி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமாகிவிடும்.

கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். 'மெடிகேஷன் ஓவர்யூஸ் ஹெட்ஏக்' என்று இதற்குப் பெயரும் உண்டு. மருந்தை மிஞ்சிப் பயன்படுத்துவதால் வரும் தலைவலி என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் மைக்ரேன், டென்ஷன் தலைவலி ஆகியவற்றோடு சேர்த்துப் பேசுகிற முக்கியமான தலைவலி வகைகளில் இதுவும் ஒன்று.

மாத்திரையை அல்ல, நாளை எண்ணுங்கள்

சர்வதேச தலைவலி சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் இதற்கான வரையறை தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே தலைவலித் தொந்தரவு உள்ள ஒருவருக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலிக்க வேண்டும். கூடவே 3 மாதத்துக்கு மேலாக வலி மாத்திரையை அளவு மீறிப் போட்டு வந்திருக்க வேண்டும்.

எது அளவு மீறல்? பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி மருந்து என்றால் மாதத்தில் 15 நாள். பல மருந்துகள் கலந்த தலைவலி மாத்திரை, மைக்ரேனுக்கு டாக்டர் எழுதித் தரும் டிரிப்டான் வகை, டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை என்றால் வெறும் 10 நாள்.

இங்கே கணக்கு மாத்திரையின் எண்ணிக்கை இல்லை, நாளின் எண்ணிக்கை. "நான் ஒரு நாளைக்கு ஒன்னுதான் போடுறேன், அதுல என்னாயிடப் போகுது?" என்று நினைக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் சுமார் 13 நாள் வருகிறது. தனி பாராசிட்டமால் என்றால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கலப்பு மாத்திரை என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று.

சாரிடானையே எடுத்துக்கொள்வோம். அதில் பாராசிட்டமால், புரோபிஃபெனசோன், காஃபின் என்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. ஆக, அது 10 நாள் பட்டியலைச் சேர்ந்தது. மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தைப் படித்தாலே இது தெரிந்துவிடும், ஆனால் நம்மில் எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறோம்?

அந்தக் காஃபினுக்கு இன்னொரு முகமும் உண்டு. வலி மருந்து இன்னும் நன்றாக வேலை செய்ய அது உதவும். ஆனால் தினமும் நிறையக் காஃபின் எடுத்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால், 24 மணி நேரத்துக்குள் அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம். மாத்திரை, கேண்டீன் காபி, எனர்ஜி டிரிங்க் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

மைக்கும் ஸ்பீக்கரும்

இது எப்படி நடக்கிறது? ஆடிட்டோரியத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீஈஈ' என்று அலறுமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வரும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்த பாசிட்டிவ் ஃபீட்பேக்தான். இங்கேயும் கதை கிட்டத்தட்ட அதேதான். வலி வந்தால் மாத்திரை, மாத்திரை இறங்கினால் வலி, அதற்கு இன்னொரு மாத்திரை. இந்தச் சுற்று நீள நீள, மூளையின் வலி உணரும் அமைப்பு கூர்மையாகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்னத் தூண்டுதலும் இப்போது வலியாகத் தெரியும்.

இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. தலைவலியே இல்லாமல் மூட்டு வலிக்காகத் தினமும் வலி மாத்திரை போடுகிறவர்களுக்குப் பொதுவாக இந்தத் தலைவலி வருவதில்லை. மைக்ரேனோ டென்ஷன் தலைவலியோ ஏற்கெனவே உள்ளவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதாவது, மாத்திரையை நாடுவதற்கு யாருக்குக் காரணம் அதிகமோ, அவருக்கே ஆபத்தும் அதிகம்.

கண்டுபிடிப்பதும் வெளியே வருவதும்

காலையில் எழும்போதே தலைவலி, முன்பு ஒரு மாத்திரையில் அடங்கியது இப்போது அடங்காமல் போவது, போடாத நாளில் வலி கூடுவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம்.

வழி ஒன்றுதான், மிஞ்சிப் போடுகிற மருந்தை நிறுத்துவது. சொல்வது எளிது. நிறுத்தியதும் முதலில் வலி அதிகமாகும், குமட்டல் வரலாம், தூக்கம் கெடலாம். இது பெரும்பாலும் 2 முதல் 10 நாள் வரை நீடிக்கும். இந்த இடத்தில்தான் பலர் "பாத்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று பழைய சுற்றுக்கே திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் அது சுற்று அறுபடுகிற வலி. ஆகவே செமஸ்டருக்கு முந்தைய நாள் ஆரம்பிக்காமல், லீவில் டாக்டரைப் பார்த்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். மைக்ரேன் என்றால் அது வராமலே தடுக்கிற மருந்துகளும் தனியாக உண்டு. டிரமடால் மாதிரி மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவே கூடாது.

எல்லாத் தலைவலியையும் மாத்திரைத் தலைவலி என்று தள்ளிவிடவும் வேண்டாம். சில நொடிகளில் உச்சத்துக்குப் போகிற கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சு குழறுதல், கை கால் பலவீனம், பார்வை மங்குதல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி. இவற்றில் எது இருந்தாலும் ரூம்மேட்டிடம் மாத்திரை கேட்டு நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். இன்று முதல் போன் காலண்டரில், தலை வலித்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் அதன் பெயர். தூங்கிய நேரத்தையும், காலைச் சாப்பாட்டை விட்டீர்களா என்பதையும் சேர்த்துக் குறித்தால் இன்னும் நல்லது. மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். 10-ஐ நெருங்கினால் அந்தக் காலண்டரையே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கேட்கப்போகிற முதல் கேள்விக்கான பதில் அதில் இருக்கும்.