டெமோ கணக்கில் ஓடும் விலை யார் போட்ட விலை?

"பத்தாயிரம் டாலர் டெமோ கணக்கு இலவசம். ஒரு வாரம் பழகிப் பாருங்க, பிடிச்சிருந்தா மட்டும் பணம் போடுங்க." வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கலாம். சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூட போகாது, பழகித்தானே பார்க்கிறோம் என்று பலரும் தொடங்குகிறார்கள். ஒரு வாரத்தில் கணக்கு பதின்மூன்றாயிரம் டாலரில் நிற்கிறது. "அட, நமக்கு இது நல்லா வருதே!" என்ற நம்பிக்கையில் நகையை அடகு வைத்து உண்மைக் கணக்கு திறப்பவர்களும் உண்டு.

அந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே ஆதாரம் திரையில் ஓடிய விலைதான். அது எங்கிருந்து வருகிறது, எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்போம்.

நாணயச் சந்தைக்கு ஒரே விலைப்பலகை இல்லை

தேசியப் பங்குச் சந்தையில் ஒரு நிறுவனப் பங்கை யார் வாங்கினாலும், யார் விற்றாலும் எல்லா ஆர்டரும் ஒரே இடத்தில் சேரும். அதனால் அந்தச் சந்தையில் அந்த நொடிக்கு எல்லோருக்கும் ஒரே விலைதான். உலக நாணயச் சந்தை அப்படி இல்லை. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தங்களுக்குள் நேரடியாகப் பேசி வாங்கி விற்கும் சந்தை அது. தரகு நிறுவனங்கள் அவர்களிடம் விலை வாங்கி, தங்கள் லாபத்தைச் சேர்த்து, நம் திரையில் காட்டுகின்றன. ஒரே தெருவில் உள்ள இரண்டு பணம் மாற்றும் கடைகளில் டாலர் விலை சில பைசா மாறுவது போலத்தான் இதுவும். ஆகவே சிறு வித்தியாசம் இருப்பதே மோசடி ஆகிவிடாது.

கவனிக்க வேண்டியது வேறு. நாம் பயன்படுத்தும் செயலி உலகம் முழுக்கப் பிரபலமானதாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஓடும் விலை தரகு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. டெமோ கணக்குக்குப் பெரும்பாலும் தனி சர்வர்தான். அதில் உண்மைச் சந்தை விலையையே கொடுக்கலாம், தாமதமாகவும் கொடுக்கலாம், மாற்றியும் கொடுக்கலாம். திரையைப் பார்த்து மட்டும் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

விலை சரி, லாபம் சரியா?

டெமோவில் வரும் விலை உண்மையானதாகவே இருக்கட்டும். அப்போதும் அங்கே கிடைத்த லாபம் உண்மைக் கணக்கில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் காரணம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. இதை ஸ்பிரெட் என்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் யூரோ அளவுக்கு யூரோ-டாலர் வாங்கினால், விலையில் 0.0001 மாறினால் ஒரு டாலர். டெமோவில் இடைவெளி 0.0001 என்றும், உண்மைக் கணக்கில் சராசரியாக 0.00025 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் ஒன்றரை டாலர் கூடுதலாகப் போகும். தினம் பத்து முறை, மாதம் இருபது நாள் என்றால் 300 டாலர். டெமோவில் 250 டாலர் லாபம் காட்டிய அதே முறை, இங்கே 50 டாலர் நஷ்டம் காட்டும்.

இரண்டாவது காரணம், டெமோவில் எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் தெரிந்த விலையிலேயே முடிந்துவிடும். உண்மைச் சந்தையில் உங்கள் ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் விலை நகர்ந்துவிடலாம்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 ஜனவரி 15 சாட்சி. ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் 2011 செப்டம்பரிலிருந்து காத்துவந்த சுவிட்சர்லாந்து மத்திய வங்கி, அன்று திடீரென்று அந்த வரம்பை நீக்கியது. சில நிமிடங்களில் யூரோவின் விலை ஒரு ஃபிராங்குக்கும் கீழே சரிந்தது. "இந்த விலைக்கு வந்தா வித்துடு" என்று ஆர்டர் போட்டு வைத்திருந்த பலருக்கு அந்த விலை கிடைக்கவே இல்லை. போட்ட பணம் போனதோடு, நிறுவனத்துக்கே கடன்பட்டவர்களும் உண்டு. பிரிட்டனில் அல்பாரி யுகே என்ற தரகு நிறுவனமே திவாலானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தை ஒழுங்கு அமைப்பு 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்த வகை வணிகத்தில் சிறு முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில்தான் முடிகின்றன என்றது அது. அதுவும் உரிமம் பெற்ற நிறுவனங்களில்!

விலையே பொய்யாக இருந்தால்?

போலிச் செயலிகளில் சந்தையே கிடையாது. திரையில் ஏறி இறங்குவது நடத்துபவர் போடும் எண்கள். டெமோவில் லாபம் காட்டுவார்கள். உண்மைக் கணக்கிலும் முதலில் லாபம் காட்டி, சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகையைக் கேட்டதும் "வரி கட்டுங்க, கட்டணம் கட்டுங்க" என்று தொடங்கும்.

நீங்களே செய்யக்கூடிய சில சோதனைகள்:

• ஒரே நிமிடத்தில் அதே நாணய ஜோடியின் விலையை, தொடர்பில்லாத வேறு இரண்டு இடங்களில் பாருங்கள். இலேசான வித்தியாசம் சகஜம். தொடர்ந்து பெரிய வித்தியாசம் இருந்தால் விலகிவிடுங்கள்.

• சனிக்கிழமை மதியம் பாருங்கள். உலக நாணயச் சந்தைக்கு அன்று விடுமுறை. யூரோ-டாலர் அப்போதும் துள்ளிக் குதித்தால், அது அந்த நிறுவனமே போடும் விலை.

• அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி மாலை 6 அல்லது 7 மணிக்கு வரும். அந்த நொடியில் ஸ்பிரெட் விரிவது வழக்கம். டெமோவில் அது கொஞ்சமும் அசையவில்லை என்றால், உண்மைச் சந்தை உங்களுக்குக் காட்டப்படவில்லை.

• இன்றைய வரைபடத்தைப் படம் பிடித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே நேரத்து விலை மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

விலை சரியாக இருந்தாலும் சட்டம் இருக்கிறது

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிய நிறுவனம்கூட இந்தியாவில் அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெற்றவர்களுடன், அனுமதிக்கப்பட்ட தேவைகளுக்கு மட்டுமே அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாம். ஆன்லைனில் என்றால், ரிசர்வ் வங்கி அங்கீகரித்த மின்னணுத் தளங்களிலோ, அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தைகளிலோ மட்டும்தான். ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்துக்கு உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்பதையும் 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி மீண்டும் வலியுறுத்தியது. சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. "பட்டியல்ல பேர் இல்லை, அப்போ நல்ல கம்பெனிதான்" என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் இல்லாததை அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. அனுமதி பெற்றவர்களின் பட்டியலும் அதே இணையதளத்தில் உள்ளது. அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போட்டு ஏமாந்துவிட்டால்

தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பணம் அனுப்பிய விவரம், உரையாடல்கள், செயலியின் திரைப்படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் கட்டினா மொத்தமும் வந்துடும்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

டெமோ கணக்கு செயலியின் பொத்தான்களைப் பழகிக்கொள்ள உதவும். உங்கள் திறமைக்கோ, அந்த நிறுவனத்தின் நேர்மைக்கோ அது சான்றிதழ் ஆகாது.