வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்கே ஆபத்து!

உடலின் மறைவான பகுதியில் வலியோ வீக்கமோ வந்தால் நம்மில் பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. ஏதாவது களிம்பைத் தடவிக்கொண்டு, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். இந்தத் தாமதம் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஃபோர்னியர் கேங்ரீன். 1883-ல் இதைப் பற்றி எழுதிய பாரிஸ் மருத்துவர் ஃபோர்னியரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

பிறப்புறுப்பு, விதைப்பை, ஆசனவாய்ப் பகுதிகளில் தோலுக்கு அடியிலுள்ள திசுக்கள் மிக வேகமாக அழுகுவதே இந்நோய். ஆசனவாய் ஓரச் சீழ்க்கட்டி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறு காயம் போன்றவற்றிலிருந்து கிருமிகள் பரவுகின்றன. இது அரிதானது, ஆண்களுக்கே அதிகம், பெண்களுக்கும் வரலாம். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறிகள்

வெளியே தெரியும் வீக்கத்தைவிட வலி மிகக் கடுமையாக இருக்கும். காய்ச்சல், சோர்வு, சிவப்பு, துர்நாற்றம் சேரும். பிறகு தோல் கறுக்கும். கறுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை என்ன?

மாத்திரை மட்டும் போதாது. அழுகும் இடத்தில் ரத்தக் குழாய்கள் அடைபட்டுவிடுவதால் மருந்து அங்கே போய்ச் சேராது. எனவே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் செலுத்துவதுடன், உடனடியாக அறுவை சிகிச்சை செய்து இறந்த சதையை அகற்றுவார்கள். ஓரிரு நாளில் மீண்டும் திறந்து பார்த்து, மிச்சமிருப்பதையும் நீக்குவார்கள். விதைகளுக்கு ரத்தம் வேறு வழியில் வருவதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். புண் ஆறியதும் தேவைப்பட்டால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு அரிதாக இந்நோய் வரலாம் என 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. மேற்கண்ட அறிகுறி வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெட்கம் நல்ல பண்புதான். ஆனால் சிகிச்சைக்குத் தேவையான அளவு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள், தயங்காமல் சொல்லும்படி நாம்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். இரவு என்றாலும் விடியும்வரை பொறுக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.