போறதா, இருக்கிறதா? குவாண்டம் கணக்கில் மனித மனம்

"காணி கிடைச்சாலும் ஊருக்குப் போவம், கிடைக்காட்டியும் போவம். கிடைக்குமா இல்லையா எண்டு தெரியாம எப்பிடிப் போற?" எங்கட சனங்களிடையே பழகிய பேச்சுத்தான் இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா மக்களும் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். போர் முடிந்தபின் "போறதா, இருக்கிறதா" என்பதே வீட்டுக்கு வீடு கேள்வியாயிற்று.

எப்படியும் போவதென்றால் தெரியாதபோதும் போகத்தானே வேண்டும்? தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது, மனம் கேட்பதில்லை. 1992இல் ட்வெர்ஸ்கி, ஷஃபீர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம், பரீட்சை முடிந்ததும் மலிவு விலையில் ஹவாய்ச் சுற்றுலா கிடைத்தால் வாங்குவீர்களா என்று கேட்டார்கள். சித்தியடைந்ததாக நினைக்கச் சொன்னவர்களில் 54 சதவீதத்தினர் வாங்குவோம் என்றனர். தவறியதாக நினைக்கச் சொன்னவர்களில் 57. பெறுபேறு இன்னும் தெரியாது என்றவர்களிலோ 32தான்! வழமையான நிகழ்தகவுக் கணக்கில் இந்த எண் 54க்கும் 57க்கும் நடுவில் விழவேண்டும்.

இங்கேதான் புஸ்மயர், புரூசா போன்றோர் குவாண்டம் கணிதத்தை (நம் பாடநூல்களின் 'சொட்டுக் கொள்கை') எடுக்கிறார்கள். மூளைக்குள் குவாண்டம் துணிக்கை ஓடுகிறது என்று அவர்கள் சொல்லவில்லை; கணக்கை மட்டுமே இரவல் வாங்குகிறார்கள். முடிவு தெரியாத மனம் இரு நிலைகளையும் ஒருசேரச் சுமக்கிறது. அவை இரண்டு அலைகள்போல ஒன்றையொன்று கூட்டலாம், அழிக்கவும் செய்யலாம். 32 என்பது அழிந்த கணக்கு.

இன்னொன்று: கேள்வியே மனதை மாற்றிவிடும். 1997இல் அமெரிக்காவில் கலப் நிறுவனம் கேட்டபோது, கிளின்டன் நேர்மையானவர் என்று முதலில் 50 சதவீதத்தினர் சொன்னார்கள். அல் கோரைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கேட்டால் 57. ஆகவே மீள்குடியேற்றப் படிவத்தில் "புத்தளத்தில் வீடு உண்டா?" என்பது முன்னே வருவதும், "ஊருக்குத் திரும்ப விருப்பமா?" என்பது முன்னே வருவதும் ஒன்றாகாது. வினாக்கொத்து தயாரிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பதியாமல் நின்றவரை 'விருப்பமில்லாதவர்' என்று எழுதிவிடுவதும் நியாயமில்லை.

எதையும் பொருத்திக்காட்டும் வித்தைதானே இது என்று கேட்பாருண்டு. நல்ல கேள்வி. இரு கேள்விகளுக்கும் மாறுபட்ட பதில் (ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை) தருவோரின் மொத்த வீதம், எந்த ஒழுங்கில் கேட்டாலும் மாறாது என்று இக்கொள்கை முன்கூட்டியே சொல்கிறது. 2014இல் வாங், புஸ்மயர் குழுவினர் 70 அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளில் அதைச் சோதித்தார்கள், பெரும்பாலும் பொருந்தியது.