மரவள்ளிச் சாகுபடியில் விதைக் கரணை

மரவள்ளி நம் தேசத்துக்குச் சுதேசிப் பயிர் அன்று. தென்னமெரிக்காவில் தோன்றிப் போர்ச்சுகீசியர் மூலமாக மலையாளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பெரிதும் ஆதரித்தார். இரண்டாவது உலக யுத்தத்தில், 1942-ல் பர்மா அரிசி வரத்து நின்றபொழுது, ஏழை மக்கள் பலரைக் காத்தது இக்கிழங்கே. அக்காலத்தில் அந்நிய நாட்டு ஜவ்வரிசியும் வராமற்போகவே சேலத்தில் அத்தொழில் வேரூன்றியது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் குடியானவர்களுக்கு இன்று இது கைப்பணம் தரும் முக்கியப் பயிராகும்.

எருவையும் தண்ணீரையும் பற்றி நம் குடியானவர்கள் நன்கு அறிவர். கரணையைப் பற்றியோ போதிய கவலை கொள்வதில்லை. ஆத்தூர்ப் பக்கத்தில் வயதான குடியானவர் ஒருவர், "ஏனுங்க, பக்கத்து வயலிலே குச்சி சும்மா கிடக்கையிலே, காசு கொடுத்து வாங்கச் சொல்லுகிறீர்களே?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் சும்மா கிடைக்கும் அக்குச்சியோடு தேமல் நோயும் சும்மாவே வந்துவிடுகிறது.

இந்நோய் கண்ட செடியின் இலைகளில் மஞ்சளும் வெளிர்பச்சையுமான திட்டுக்கள் தோன்றும். இலை சிறுத்து, ஒரு புறமாகக் கோணிச் சுருங்கும். இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு வைரஸ் கிருமி. வெள்ளை ஈ இதைச் செடிக்குச் செடி பரப்புவது உண்மையே. ஆனால் வயலுக்கு வயல், ஊருக்கு ஊர் கொண்டு செல்பவர் நாமேதான். நோயுற்ற செடியின் தண்டிலிருந்து வெட்டிய கரணை முளைக்கும்பொழுதே நோயுடன் முளைக்கிறது. பின்னர் எம்மருந்து தெளித்தும் அச்செடியைக் குணப்படுத்த இயலாது. இலை சிறுத்தால் மாவு எங்கிருந்து வரும்?

ஆதலின், அறுவடைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே, இலை செழித்து நிற்கும் பருவத்தில், வயலில் நடந்து பார்த்து நோயற்ற செடிகளுக்கு அடையாளமாகச் சாயமோ துணியோ கட்டிவிடவேண்டும். இலை உதிர்ந்து கிழங்கு பறித்தபின் தண்டைப் பார்த்து நோயைக் கண்டறிதல் எவராலும் ஆகாது. அடையாளமிட்ட தண்டுகளை நிழலில், காற்றோட்டமாக, நிமிர்த்தி வைத்தல் நலம். நுனிப் பாகத்தையும் அடியில் மரமாக முற்றிய பாகத்தையும் கழித்து, நடுப்பாகத்தை அரையடி நீளமும் எட்டுப் பத்துக் கணுக்களும் உள்ள துண்டுகளாக்குக. வெட்டு சாய்வாக இராமல் நேராக, வட்டமாக இருத்தல் வேண்டும். சாய்ந்து வெட்டினால் வேர் ஒரு பக்கமே கூடும். கணுக்கள் மேல்நோக்க இரண்டு அங்குல ஆழத்தில் செங்குத்தாக நடுக. தலைகீழாக நட்ட கரணையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் தாமதித்து முளைக்கும்.

திருவனந்தபுரத்தில் 1963-ல் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் எளிய முறையொன்றைச் சிபாரிசு செய்கின்றனர். கரணைகளை நேரே வயலில் நடாமல், சிறு நாற்றங்காலில் ஒன்றரை அங்குல இடைவெளியில் நெருக்கி நட்டுத் தண்ணீர் ஊற்றி வருதல் வேண்டும். மூன்று வாரங்களில் நோயுள்ளவை இலையில் தாமே காட்டிக் கொடுத்துவிடும். அவற்றைப் பிடுங்கி எரித்து, மற்றவற்றை வயலுக்கு மாற்றலாம். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி நடும் ஏக்கருக்குச் சுமார் 7,000 கரணைகள் வேண்டும். கழிவுக்கும் சேர்த்து 8,000 என்று கொண்டாலும் நாற்றங்கால் 125 சதுர அடிக்குமேல் ஆகாது. வீட்டுக் கொல்லையே போதும். நட்ட பின்பும் முதல் இரண்டு மாதங்கள் வயலைச் சுற்றிப் பார்த்து, தேமல் காணும் செடிகளைத் தயக்கமின்றி அகற்றுக. ஸ்ரீ ரக்ஷா போன்ற, இந்நோயை எதிர்த்து நிற்கும் ரகங்களும் இப்பொழுது உண்டு.

கரணையோடு வரும் மற்றொரு விருந்தாளி மாவுப்பூச்சி. தென்னமெரிக்க இனமான இது 2020-ல் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, விரைவில் நம் ஜில்லாக்களிலும் புகுந்து, நுனிக் குருத்தை முடிச்சாகச் சுருட்டிற்று. இதன் உடலில் முட்டையிட்டுக் கொல்லும் சிறு குளவியொன்றை ஆப்பிரிக்காவில் 1981-ல் விட்டுப் பெரும் பலன் கண்டனர். அக்குளவி பெனின் தேசத்திலிருந்து தருவிக்கப்பெற்று, 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. கண்டபடி விஷ மருந்து தெளிப்போர் முதலில் கொல்வது இந்த நண்பனைத்தான்.

எரு விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் இடுக. சாம்பல் சத்தைக் குறைக்கலாகாது, கிழங்கில் மாவு ஏறுவது அதனாலேயே. முதல் இரண்டு மூன்று மாதங்கள் பூமி வெறிச்சென்று கிடக்குமாதலால் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, உளுந்து இவற்றுள் ஒன்றை ஊடுபயிராக்கினால் களையும் அடங்கும், கைச்செலவும் தேறும். வருஷந்தோறும் ஒரே நிலத்தில் மரவள்ளியே நடுவதை நான் ஒப்பவில்லை. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பல ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளிக்கு மாறின. விலை சரிந்த வருஷத்தில் கிழங்கை விற்றுத்தான் அரிசி வாங்கவேண்டும் என்ற நிலையும் உடன் வந்தது. மலைக்குடிகள் ஒரு பகுதியிலாவது சாமையை விடாதிருப்பது விவேகம்.

ஆலைகளில் மாவுச்சத்தைப் பாயிண்டாக அளந்து விலை தருகின்றனர். வறட்சிக்குப்பின் நல்ல மழை பெய்து புதுத் துளிர் விட்டால், கிழங்கிலுள்ள மாவே அதற்கு உணவாகிப் பாயிண்டு இறங்கும். முதிர்ந்த பயிரை மழைக்கு முன்னரே பறித்துவிடுக. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடும். ஆகவே ஆலையில் முறை கேட்டு வைத்துக்கொண்டு ஆளை இறக்குவது நலம்.