சுவரின் நிறமும் அறையின் ஒளியும்

வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசும் காலம் வந்தால், எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழும். மஞ்சள், இளஞ்சிவப்பு, காவி ஆகியவை வெம்மை நிறங்கள் எனப்படும். அவை தீயையும் கதிரவனையும் நினைவூட்டுவன. நீலமும் நீலம் கலந்த பச்சையும் குளிர் நிறங்கள் எனப்படும். அவை நீரையும் வானையும் நினைவூட்டுவன.

இப்பெயர்களைக் கேட்டு, நீலச் சுவர் அறையின் வெப்பத்தைக் குறைக்கும் எனச் சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ஒரே அளவும் ஒரே திசையும் கொண்ட இரண்டு அறைகளில், ஒன்றுக்கு வெளிர்நீலமும் மற்றொன்றுக்கு வெளிர்மஞ்சளும் பூசி வெப்பமானியை வைத்தால், இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவே காணப்படும். மாறுவது வெப்பம் அன்று. காண்பவர் மனத்தில் எழும் உணர்வே. வெப்பம் உண்மையாகவே குறைய வேண்டுமாயின், மொட்டைமாடியின் தளத்தில் வெள்ளை பூசலாம். அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே, அறையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அதனுள் வரும் ஒளியை அறிதல் வேண்டும். தில்லி நகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு டிசம்பர் மாத நண்பகலில் கதிரவன் தென்வானில் ஏறத்தாழ 38 பாகை உயரமே எழும். எனவே, தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறையின் உட்புறம் வரை படரும். வடக்குச் சாளரத்திலோ அக்காலத்தில் நேர்வெயில் விழாது. வானின் நீலச்சாயல் கொண்ட ஒளியே நுழையும். அவ்வொளியில் நீலச் சுவர் சாம்பல் படிந்ததுபோல் மங்கித் தோன்றும். குளிர்காலத்தில் அங்கு அமர்ந்து படிக்கும் மாணவருக்கு அது சோர்வைத் தரலாம். அவ்வறைக்கு வெளிர்மஞ்சள் பொருந்தும். மாலை வெயில் நேரே பாயும் மேற்கு அறையிலோ மஞ்சள் சுவர் மிகுந்து ஒளிர்ந்து, கோடையில் வெம்மை உணர்வைக் கூட்டும். அங்கு வெளிர்நீலம் இதம் அளிக்கும்.

நிறத்தின் அடர்த்தியும் கருதத்தக்கது. வெளிர்நிறம் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அடர்நிறம் அதனை உள்வாங்கிக்கொள்ளும். ஒளி குறைந்த அறையில் அடர்நிறம் பூசினால், பகலிலும் விளக்கு தேவைப்படும்.

கடையில் காட்டப்படும் நிற அட்டை சிறியது. கடை விளக்கின் ஒளியும் வேறு. ஆதலால், விரும்பிய இரு நிறங்களையும் வீட்டுச் சுவரிலேயே அருகருகே சிறிதளவு பூசி, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கொளியிலும் நோக்குதல் நன்று. அயலார் வீட்டில் அழகாகத் தோன்றிய நிறம் நம் வீட்டில் வேறாகத் தோன்றுவதுண்டு. அது வண்ணத்தின் குறையன்று, ஒளியின் வேறுபாடே.